விபி6 இலிருந்து டொட்நெட்டுக்கு: யாழ்ப்பாணத்துக் கடைகளும் வேலை பழக வரும் பிள்ளைகளும் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரிலும் சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிப் பக்கங்களிலும் பல கடைகளில் இன்னும் பில் போடுவது விஷுவல் பேசிக் 6 (சுருக்கமாக விபி6) இல் எழுதிய புரோகிராம்தான். பின்னால் தரவை வைத்திருக்கும் ஒரு அக்சஸ் கோப்பு, சாமான் பெயர்களெல்லாம் பாமினி எழுத்துருவில். இவற்றை விஷுவல் ஸ்டூடியோ 2022 (புரோகிராம் எழுதும் கருவி), டொட்நெட் (புரோகிராம் ஓடும் மைக்ரோசொப்ட் தளம்), எஸ்கியூஎல் சேர்வர் (தரவுத்தளம்), யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) என்று புதிய சூழலுக்குக் கொண்டுபோவது எங்கள் வேலைகளில் ஒன்று. கடை முதலாளிமாரும், எங்களோடு வேலை பழக வரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறோம். கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றவில்லை.

அண்ணை, இருக்கிறது நல்லாத்தானே ஓடுது. ஏன் மாத்தோணும்?

ஓடும், இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். விபி6 புரோகிராம் விண்டோஸ் 11 இலும் வேலை செய்யும். அதற்கு வேண்டிய ரன்டைம் கோப்புகளை மைக்ரோசொப்ட் விண்டோஸோடு சேர்த்தே ஆதரித்து வருகிறது. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இன் ஆதரவு முடிந்தபோது, புதுக் கணினி வாங்கினால் பழைய புரோகிராம் நின்றுவிடுமாம் என்று கேள்விப்பட்டுப் பயந்து வந்தவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்காக மட்டும் காசைக் கொட்ட வேண்டாம்.

சிக்கல் திருத்துவதில்தான். விபி6 வந்தது 1998 இல். அதில் எழுதவும் திருத்தவும் பயன்படும் சூழலுக்கான ஆதரவு 2008 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. வற் வரியைப் பாருங்கள்: 2022 யூனில் 8 இலிருந்து 12 வீதம், அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 சனவரியில் 18. வீதத்தை அமைப்புப் பக்கத்தில் மாற்ற வழி வைத்து எழுதிய புரோகிராம்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீதத்தைக் கோட்டுக்குள்ளேயே, அதாவது புரோகிராமின் கட்டளை வரிகளுக்குள்ளேயே, எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய லப்டொப்பைத் தேடி, விபி6 சிடியைத் தேடி, எழுதிய ஆளையும் தேடவேண்டி வந்தது. அந்த ஆள் இப்போது கனடாவில் இருக்கலாம்.

ஆகவே உங்கள் புரோகிராமில் இனி எதையுமே மாற்ற வேண்டியிராது என்றால் மாறாதீர்கள். வருடத்தில் ஒருமுறையாவது எதையாவது மாற்றக் கேட்கிறீர்கள் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தக் காலத்தில ஏன் பாமினியில எழுதினவை? யூனிகோட் இருக்கேல்லையோ?

இருந்தது. விபி6 சொற்களை உள்ளே யூனிகோடாகவே வைத்திருக்கிறது. ஆனால் திரையில் காட்டும் டெக்ஸ்ட் பொக்ஸ், லேபிள் போன்ற அதன் சொந்தக் கட்டுப்பாடுகள் விண்டோஸின் பழைய எட்டு பிட் குறிப்பக்கத்தை (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலை) நம்பி இயங்குபவை. தமிழுக்கு அப்படியொரு குறிப்பக்கத்தை விண்டோஸ் ஒருபோதும் வைத்திருக்கவில்லை. யூனிகோட் தமிழைப் போட்டால் கேள்விக்குறிகள் வரிசையாக வரும். ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறந்து கணினிகள் தாராளமாக வரத் தொடங்கிய காலத்தில், தமிழில் பில் வேண்டும் என்று கேட்ட கடைக்கு ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்த எழுத்துருதான் கைக்கு எட்டிய வழி. அன்று எழுதியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோட்டை மாத்தித் தாற விசார்ட் ஒண்டு இருக்காமே?

இருந்தது. விஷுவல் ஸ்டூடியோ டொட்நெட் 2002 தொடக்கம் 2008 வரையான பதிப்புகளோடு வந்தது. 2010 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் மாற்றிகள் இப்போதும் உண்டு. ட்வின்பேசிக் என்று விபி6 கோட்டை ஏறத்தாழ அப்படியே எடுத்து 64 பிட்டுக்கும் தொகுத்துத் தர முயலும் புதிய மொழியொன்றும் இருக்கிறது. கோட் பெரியது, ஆள் ஒருவர் என்றால் அதைப் பார்ப்பதில் தவறில்லை.

விசார்ட் மாற்றிய கோட்டை நாங்கள் கையேற்றிருக்கிறோம். ஓடும். ஆனால் பாதிக்கோட்டில் விபி6 இன் நடத்தையைப் பாவனை செய்யும் துணைச் செயலிகள்தான் நிரம்பியிருக்கும். வாசிக்கிற பிள்ளைக்கு விபி6 உம் தெரிய வேண்டும், டொட்நெட்டும் தெரிய வேண்டும். திருத்துவது இலேசாக வேண்டும் என்றுதானே மாறுகிறோம்?

ஏஐயிட்டக் குடுத்தா ஒரு நாளில மாத்தித் தராதே?

தொடரமைப்பை நன்றாகவே மாற்றித் தரும். நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் கோட்டில் எழுதியிருப்பதைத்தான் அது வாசிக்கும். பழைய சூழல் எழுதாமலே செய்து தந்தவை ஏராளம்; அடுத்த கேள்வியில் அவற்றைப் பார்க்கலாம். பாமினியில் எழுதிய சொல் கோட்டுக்குள் வந்தால் அதை ஏதோ இரகசியக் குறியீடு என்று நினைத்து 'சீர்செய்து' வைத்த கதையும் உண்டு. இன்னொன்று: கடன்காரர் பட்டியலோடு சேர்த்து முழுக் கோப்பையும் வெளியே ஏற்றாதீர்கள். ஊரில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பது முதலாளி உங்களை நம்பித் தந்த விபரம்.

கோட் பிழையில்லாமத் தொகுபடுது. பிறகேன் கணக்கு மாறி வருது?

பிள்ளைகள் தலையில் கை வைப்பது இங்கேதான். சிவப்புக் கோடு ஒன்றும் இல்லை, எரர் இல்லை, ஆனால் பழைய பில்லும் புதிய பில்லும் ஒத்துப்போகாது. விபி6 உம் அக்சஸும் கேட்காமலே செய்து தந்த உதவிகளும் உபத்திரவங்களும்தான் காரணம். எங்கள் கையில் அடிக்கடி அகப்படுபவை இவை.

சதம். விபி6 இன் ரவுண்ட் செயலி சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். ஃபோர்மட் செயலி பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி மேலே ஏற்றும். 1,250.25 ரூபாய்ச் சாமானுக்கு 18 வீத வற் 225.045. ரவுண்ட் இதை 225.04 ஆக்கும், ஃபோர்மட் 225.05 என்று காட்டும். பழைய புரோகிராமில் கூட்டுத்தொகை ஒரு வழியாலும் ஒவ்வொரு சாமானுக்குமான தொகை மற்ற வழியாலும் வந்திருக்கும். 'பில்லில சதம் இடிக்குது' என்று முதலாளி இருபது வருடமாக விட்டுவிட்ட சங்கதி அது. புதியதில் எல்லாவற்றையும் ஒரே முறையில் எழுதினால் கணக்கு நேராகும். ஆனால் பழைய அறிக்கையோடு ஒத்துப்பார்க்கும் கணக்காளர் பிழை என்பார். எந்த முறை என்று அவரோடு முன்கூட்டியே கதைத்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பண வகையையும் கவனியுங்கள்: விபி6 இன் கரன்சி வகை நான்கு தசமத்தோடு நின்றுவிடும். டொட்நெட்டில் டெசிமல் எடுக்க வேண்டும். டபுள் எடுத்தீர்கள் என்றால் சதம் போய்ச் சதத்தின் துணுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

எண் அளவு. விபி6 இல் இன்டிஜர் என்பது 16 பிட். 32,767 க்கு மேல் போகாது. டொட்நெட்டில் இன்டிஜர் 32 பிட். இது நல்லதுதானே என்று தோன்றும், பெரும்பாலும் நல்லதுதான். முழு ரூபாயை இன்டிஜரில் வைத்து எழுதிய புரோகிராம், ஒரு பில் 32,767 ரூபாயைத் தாண்டியதும் 'ஓவர்ஃபுளோ' என்று விழும். 2022 க்குப் பிறகு விலை ஏறிய வேகத்தில் அது அரிதான தொகை இல்லை. ஆனால் பதிவுகளை நேரே பைனரிக் கோப்பில் எழுதிய புரோகிராம் என்றால் கதை வேறு. இரண்டு பைட் இருந்த இடத்தில் நான்கு பைட் வாசித்து, அடுத்த புலம் முழுவதும் தள்ளிப்போகும்.

பைரெஃப். விபி6 இல் ஒரு செயலிக்குக் கொடுக்கும் மாறி, வேறு சொல்லாவிட்டால், அதே மாறியாகவே உள்ளே போகும். கழிவு கணக்கிடும் செயலி விலையை உள்ளே குறைத்தால் வெளியிலும் விலை குறைந்திருக்கும். அடுத்த வரி அந்தக் குறைந்த விலையை நம்பியே எழுதப்பட்டிருக்கும், எழுதியவருக்கே தெரியாமல். டொட்நெட்டில் பிரதிதான் போகும். கழிவு காணாமற்போகும்.

திகதி. அக்சஸில் இரண்டு ஹாஷ் குறிகளுக்கு நடுவே எழுதும் திகதி அமெரிக்க முறையில் மாதம் முதலாக வாசிக்கப்படும். யூன் ஐந்தை நினைத்து 05/06/2024 என்று எழுதினால் அது மே ஆறு. ஆனால் 25/06/2024 என்று எழுதினால், இருபத்தைந்தாம் மாதம் இல்லை என்பதால் அக்சஸ் தானே திருப்பிப்போட்டு யூன் 25 என்று எடுத்துக்கொள்ளும். ஆக, மாதத்தின் முதற் பன்னிரண்டு நாட்களின் அறிக்கை மட்டும் குழம்பும், மிச்சம் சரியாக வரும். இப்படிப்பட்ட பிழையைக் கடையில் யாரும் பிழை என்று பிடிக்க மாட்டார்கள். 'மாதத் தொடக்கத்தில கொம்பியூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணும்' என்று பழகிக்கொள்வார்கள். டொட்நெட்டுக்கு அந்தத் தாராள மனம் இல்லை. கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருக்க 25/06/2024 ஐக் கொடுத்தால் எரர் அடித்து நிற்கும். திகதியைச் சொல்லாக ஒட்டாமல் பராமீட்டராக அனுப்புங்கள்.

கடைசியாக ஒன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். எரர் வந்தால் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போ என்ற அந்தக் கட்டளை பழைய கோட்டில் ஒவ்வொரு செயலியின் தலையிலும் இருக்கும். அதை எடுத்ததும், இவ்வளவு காலம் மறைந்துகிடந்த எல்லாம் திரைக்கு வரும். பழையதில் ஒரு பிழையும் வரவில்லை, புதியதில் பிழைப் பெட்டி ஓயாமல் வருகிறது என்று முதலாளி சொல்வார். அவர் பார்வையில் அது உண்மை. எரரைக் கோப்பில் பதிந்து, அவர் முன்னால் காட்டாமல், மாலையில் நீங்கள் வாசித்துத் திருத்துவதே இங்கு எடுபடும்.

பாமினியை யூனிகோடா மாத்திறது ஒரு பட்டன் வேலைதானே?

ஒரு பந்தியை மாற்றுவதற்கு அப்படித்தான். இருபது வருடத் தரவை மாற்றுவது, இந்த முழு இடப்பெயர்ச்சியிலும் கூடுதலாக நேரம் தின்னும் வேலை. கோட்டைப் பற்றி நூறு கேள்வி கேட்பவர்கள் தரவைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

முதலில் வெளியே எடுக்கும்போதே அடி விழும். பாமினியில் 'இ' என்ற எழுத்து இருப்பது கமாவின் இடத்தில். மெய்க்குப் போடும் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். அக்சஸிலிருந்து கமாவால் பிரித்த கோப்பாகத் தரவை எடுத்தீர்கள் என்றால், மேற்கோள் குறி சரியாகப் போடாத இடத்திலெல்லாம் 'இஞ்சி' இரண்டாகப் பிளந்து விலை பெயருக்குள்ளும் பெயர் அளவுக்குள்ளும் போகும். கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி வைத்தால் இன்னும் மோசம். புள்ளியில்லாத தமிழ்ச் சொல் எங்கே இருக்கிறது? கோப்பாக எடுக்காமல் நேரே அக்சஸிலிருந்து வாசித்து எஸ்கியூஎல் சேர்வருக்கு எழுதுங்கள்.

அடுத்தது ஒழுங்கு. பாமினியில் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரச் சங்கிலியும் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் எழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் முதலில் உயிர்மெய்யின் மெய், பிறகு உயிர்க்குறி. ஒற்றை எழுத்தாகத் தேடி மாற்றும் மாற்றி 'கொ', 'கோ' வில் தடுமாறும். நீளமான கோலத்தை முதலிலும் குறுகியதைப் பிறகும் மாற்ற வேண்டும். முடிவில் எல்லாவற்றையும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே எழுத்தை எப்போதும் ஒரே குறிகளால் எழுதும் முறைக்கு, கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு 'கொ' தரவுத்தளத்தில் வேறு வேறாக இருக்கும்.

பிறகு மனிதக் கை. ஒளடதம் என்று ஒகரமும் ளகரமும் சேர்த்து அடித்தவை, ரகரத்துக்குப் பதில் அரவு போட்டவை, அரவுக்குப் பதில் ரகரம் போட்டவை. பாமினியில் அச்சானபோது வித்தியாசம் தெரியாது. மாற்றியதும் பல்லைக் காட்டும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது கலப்பு. ஒரே புலத்தில் சில சாமான் பெயர் பாமினித் தமிழ், சில ஆங்கிலம். எழுத்துரு தரவில் பதிவாகவில்லை. கணினிக்கு இரண்டும் ஆங்கில எழுத்துகள்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஆங்கிலத்தில் 'லங்கா' என்று இருந்தது 'டுயமெய' ஆகும், பெரிய எழுத்தில் இருந்த 'சோப்' 'ளுழுயுீ' ஆகும். இந்த 'டுயமெய' வை அறிவித்தல்களிலும் இணையத்தளங்களிலும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். உங்கள் பில்லில் வந்தால் சிரிப்பு வராது. சொல்லுக்கு நடுவே அரைப்புள்ளி இருந்தால் தமிழ், ஆங்கில அகராதியில் இருந்தால் ஆங்கிலம் என்று ஊகித்துப் பெரும்பகுதியைப் பிரிக்கலாம். மிச்சத்தைப் புரோகிராமால் தீர்க்க முடியாது. இரண்டு நிரலாகப் பட்டியல் அச்சடித்து, பழையது இடப்பக்கம், மாற்றியது வலப்பக்கம், கடையில் சாமான் அடுக்கும் ஆளிடம் கொடுத்து பேனையால் அடிக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு பின்னேரத்தில் முடிப்பதை நாங்கள் ஒரு கிழமை இருந்தாலும் முடிக்க மாட்டோம்.

இரண்டு சின்ன எச்சரிக்கை. பாமினியில் 'கு', 'டு' போன்றவை ஒரே எழுத்து, யூனிகோடில் இரண்டு குறி. 'குடும்பம்' பாமினியில் ஏழு இடம், யூனிகோடில் ஒன்பது. முப்பது எழுத்துப் புலத்தை முப்பதாகவே வைத்தால் வால் அறும். மற்றது, எஸ்கியூஎல் சேர்வரில் புலம் என்வார்சார் வகையாக இருக்க வேண்டும், கோட்டில் நேரடியாக எழுதும் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் ஆங்கில 'என்' எழுத்தும் வேண்டும். மறந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகப் பதியும். கேள்விக்குறியிலிருந்து தமிழைத் திரும்ப எடுக்க எந்த மாற்றியாலும் முடியாது, ஆகவே மூலக் கோப்பின் பிரதியில் கை வைக்காதீர்கள்.

தேடினா வருகுதில்லை எண்டு கல்லாவில நிக்கிற பிள்ளை சொல்லுது. முந்தி வந்ததாம்.

வந்தது உண்மை. பாமினியில் குறிலும் நெடிலும் பல இடங்களில் ஒரே விசையின் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும். அ, ஆ, எ, ஏ, ஒ, ஓ, இகரக் குறி, ஈகாரக் குறி. 'க' சிறியது என்றால் 'கு' பெரியது. அக்சஸ் தேடும்போது பெரியது சிறியது பார்க்காது. ஆக, அந்தத் தரவுத்தளத்துக்குக் 'கடை' யும் 'குடை' யும் ஒரே சொல். யாரும் திட்டமிடாமல், அரைகுறையாக அடித்தாலும் சாமானைக் கண்டுபிடித்துத் தரும் தேடல் ஒன்று இருபது வருடம் இலவசமாகக் கிடைத்தது.

யூனிகோடில் 'சீனி' என்றால் சீனிதான். 'சினி' என்று அடித்தால் ஒன்றும் வராது. கடையில் வரிசை நிற்கும்போது யார் நெடில் பார்த்து அடிப்பார்? நாங்கள் சாமான் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு புலம் வைக்கிறோம். அதில் நெடில்களைக் குறிலாக்கி, ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கி, ர, ற இரண்டையும், ந, ன, ண மூன்றையும் ஒன்றாக்கி, புள்ளியை நீக்கி எழுதிவைப்போம். தேடும் சொல்லையும் அப்படியே உருக்கித் தேடினால் பழையதைவிடத் தாராளமாக வரும்.

வரிசைப்படுத்தலில் இதற்கு நேர்மாறு. பாமினியில் அகரவரிசை என்பது ஆங்கில விசைகளின் வரிசை: கமாவில் இருக்கும் இகரம் முன்னால், கொஞ்சம் தள்ளி யகரம். ஊர்ப் பட்டியலில் இலங்கையும் யாழ்ப்பாணமும் தலையில் நிற்கும், அச்சுவேலி எங்கோ நடுவில் கிடக்கும். யூனிகோடையும் குறியெண் வரிசையில் அடுக்காதீர்கள். அதில் வகரத்துக்கு முன்னால் ளகரமும் ழகரமும் வந்துவிடும், ரகரத்தை அடுத்து றகரம் வரும். டொட்நெட்டில் தமிழ்ப் பண்பாட்டு அமைப்பைக் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

எங்கட பிள்ளைக்குப் பாமினி விசைப்பலகைதான் பழக்கம். திரும்பப் படிக்கோணுமோ?

தேவையில்லை. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றில் பாமினி விசை அமைப்பிலேயே அடித்து யூனிகோடாகப் பெறலாம். விரல் பழக்கத்தை மாற்றச் சொல்லி ஒரு மென்பொருளையும் கடைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

பில் அச்சடிக்கிற இடத்தில எல்லாம் இடம் மாறிக் கிடக்கு.

விபி6 அளந்தது ட்விப் என்ற அலகில், அங்குலத்துக்கு 1440. டொட்நெட்டின் அச்சுப் பக்கம் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கால் அளக்கும். ஆகவே அச்சுக்கு 14.4 ஆல் பிரியுங்கள். திரைக்கு, சாதாரண 96 புள்ளி அடர்த்தியில், 15 ஆல் பிரியுங்கள். திரைக்கணக்கை எடுத்து அச்சுக்கும் போட்டால் பில்லின் அடியில் வரும் கூட்டுத்தொகை கோட்டுக்கு மேல் ஏறி நிற்கும். புதிய விண்ஃபோர்ம்ஸில் (டொட்நெட்டில் திரைகளை அமைக்கும் பகுதியில்) இயல்பு எழுத்துருவும் மாறியிருப்பதால் லேபிள்கள் அகலமாகிப் பட்டன் மேல் ஏறுவதும் நடக்கும்.

சின்ன வெப்ப பிரின்டருக்கு மாறும் கடைகளுக்கு: நேரே எழுத்தாக அனுப்பினால் ஆங்கிலம் விறுவிறு என்று வரும், தமிழ் வராது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்துகளே தெரியாது. பில்லைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். வேகம் கொஞ்சம் குறையும். சாமான் பெயர் தமிழில் வேண்டும் என்றால் அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஓசிஎக்ஸ் கோப்பு ஒண்டு காணேல்லை எண்டு சொல்லுது. எங்க எடுக்கிறது?

ஓசிஎக்ஸ் என்பது திரையில் போடும் கட்டுப்பாடுகள் அடங்கிய பழைய துணைக் கோப்பு. எங்கேயோ இருந்து பதிவிறக்காதீர்கள்; வைரஸ் சேர்ந்து வரும். பழைய கணினியின் விண்டோஸ் கோப்புறையில் தேடுங்கள், அங்கே இருக்கும். ஆனால் அது 32 பிட், விஷுவல் ஸ்டூடியோ 2022 தானே 64 பிட். வடிவமைப்புத் திரையில் அந்தக் கட்டுப்பாடு நேராக ஏறாது. விற்ற நிறுவனமே இல்லாமற்போன கட்டுப்பாடுகளும் உண்டு. அட்டவணைக் கட்டம், நாட்காட்டி போன்றவற்றுக்கு டொட்நெட்டின் சொந்தக் கட்டுப்பாட்டையே போடுங்கள். ஓசிஎக்ஸை இழுத்துக்கொண்டு போவது இந்தத் தலைவலியை இன்னும் பத்து வருடத்துக்குத் தள்ளிவைப்பதுதான்.

அக்சஸிலும் இதே கதை. அக்சஸ் கோப்பை வாசிக்க உதவும் பழைய ஜெட் டிரைவர் 32 பிட்டுக்கு மட்டும். 64 பிட்டாகத் தொகுத்துவிட்டு டிரைவர் பதிவாகவில்லை என்று வரும் எரரோடு நாள் முழுக்க மினக்கெடுபவர்களுக்கு: இடப்பெயர்ப்புக் கருவியை மட்டும் 32 பிட்டாகத் தொகுத்தால் போதும்.

எந்த டொட்நெட்? சி ஷார்ப்போ விபி டொட்நெட்டோ?

விபி டொட்நெட்டை மொழியாக இனி வளர்க்கும் திட்டம் இல்லை என்று மைக்ரோசொப்ட் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஆதரவு தொடர்கிறது. பழைய புரோகிராமை எழுதியவரே இனியும் பராமரிப்பார் என்றால் விபி டொட்நெட் போதும். இனிப் பிள்ளைகள்தான் பார்ப்பார்கள் என்றால் சி ஷார்ப். இதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு, ஆனால் வேலைக்கு வரும் பிள்ளைகளில் விபி தெரிந்தவரைக் காண்பது அரிது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

பதிப்பு: கிறிஸ்டல் ரிப்போர்ட்ஸ் அறிக்கைகள் நிறைய இருந்தால் டொட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8 இல் நில்லுங்கள். கிறிஸ்டலின் ரன்டைம் புதிய டொட்நெட்டுக்கு வரவில்லை. 4.8 விண்டோஸோடு சேர்த்து ஆதரிக்கப்படுவதால் அவசரமும் இல்லை. அறிக்கைகள் குறைவு என்றால் நேரே டொட்நெட் 10 க்குப் போங்கள்; அதற்கு விஷுவல் ஸ்டூடியோ 2022 போதாது, 2026 பதிப்பு வேண்டும். அது 2025 நவம்பரில் வந்தது, மூன்று வருட ஆதரவு உண்டு. டொட்நெட் 8 இன் ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது, புதிதாக அதில் தொடங்க வேண்டாம். புதிய டொட்நெட்டில் பழைய விண்டோஸ் குறிப்பக்கங்கள் கேட்காமல் கிடைக்காது. பாமினிச் சொற்கள் உள்ள பழைய மூலக் கோப்புகளை வாசிக்க 1252 குறிப்பக்கத்தை நீங்களே பதிவுசெய்து கேட்க வேண்டும்; யூடிஎஃப்-8 என்று நினைத்து வாசித்தால் மேற்பாதி எழுத்துகள் அழியும்.

விஷுவல் ஸ்டூடியோ இறக்க டேட்டா காணாது. என்ன செய்யிறது?

ஓர் இடத்தில் ஒருமுறை இறக்கி, ஓஃப்லைன் நிறுவல் கோப்புறையாக வெளி டிஸ்கில் வைத்து எல்லாக் கணினிக்கும் போடுங்கள். டெஸ்க்டொப் வேலைக்கான பகுதியை மட்டும் தெரிவுசெய்தால் அளவு வெகுவாகக் குறையும். சின்ன நிறுவனத்தில் ஐந்து பேர் வரை கொம்யூனிட்டி பதிப்பை இலவசமாகப் பயன்படுத்தலாம். நியூகெட் பொதிகளையும் (இணையத்திலிருந்து புரோகிராமில் சேர்க்கும் துணைக் கோட்டுகளையும்) உள்ளூர்க் கோப்புறையில் சேர்த்து வையுங்கள். இணையம் போன நேரத்தில் புரோஜெக்ட் தொகுபடாமல் நின்றால் முதல் சந்தேகம் அங்கேதான்.

பழைய கோட்டை கிட்டில் (கோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவியில்) போடும்போது, விபி6 திரைகளின் படங்களை வைத்திருக்கும் எஃப்ஆர்எக்ஸ் கோப்புகளை பைனரி என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வரிமுடிவை மாற்றப்போய் ஃபோர்மில் இருந்த படங்கள் கெடும்.

எல்லாத்தையும் ஒரேயடியா வெப்பில எழுதினா என்ன?

கடைக்குள் இருக்கும் கணினியே சேர்வர் என்றால் சரி. வெளியே கிளவுட்டில் வைத்து, கேபிள் அறுந்த நாளில் பில் போட முடியாது என்றால் முதலாளி கொப்பிக்குத் திரும்பிவிடுவார், பிறகு வரமாட்டார். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கடை நடத்தியவர்கள் இவர்கள். அந்தக் காலத்தில் அக்சஸ் கோப்புகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்ச் சிதைவது பெரிய தொல்லை. எஸ்கியூஎல் சேர்வர் அந்த இடத்தில் எவ்வளவோ மேல், பாதியில் நின்ற பதிவைத் தானே பின்வாங்கிவிடும். எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம். 2022 பதிப்பில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபி வரை போகலாம், அக்சஸின் எல்லை 2 ஜிபி.

எந்த மாதத்தில மாத்தலாம்?

நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து தீபாவளி வரை வேண்டவே வேண்டாம், புடைவைக் கடை என்றால் வாசலையே மிதிக்காதீர்கள். எங்களுக்கு ஒத்துவருவது தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கி, மாசியில் இரண்டு புரோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, வரியாண்டு முடியும் மார்ச் 31 இன் இருப்பைப் புதியதில் ஏற்றி, ஏப்ரல் முதலாம் திகதி பழையதை நிறுத்துவது. சித்திரை வருடப்பிறப்பு வியாபாரத்துக்கு இரண்டு கிழமை இருக்கும். ஒரு மாதமுடிவாவது இரண்டிலும் ஓடியிருக்க வேண்டும்; பிழைகள் பகல் பில்லில் தெரிவதைவிட மாதமுடிவுக் கணக்கில்தான் கூடத் தெரியும்.

பழையதை நிறுத்துவது என்றால் அழிப்பது அல்ல. ஒரு மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸோடு சேர்த்து அப்படியே வைத்திருங்கள், வரித் திணைக்களம் பழைய பில் கேட்டால் எடுத்துக் காட்ட.

சரி, எவ்வளவு முடியும்?

திரையை எண்ணி விலை சொல்பவர்களை நம்பாதீர்கள். பத்துத் திரையும் சுத்தமான தரவும் உள்ள கடையைவிட, மூன்று திரையும் இருபது வருடக் கலப்புத் தரவும் உள்ள கடைக்குத்தான் கூட முடியும். அதனால் தரவைப் பார்க்காமல் நாங்கள் விலை சொல்வதில்லை. தரவு மாற்றத்துக்கு ஒரு விலை, அது முடிந்து நீங்கள் பட்டியலைச் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு புரோகிராமுக்கு ஒரு விலை. முதலாவதோடு நிறுத்திக்கொள்ள விரும்பினாலும் யூனிகோடில் உள்ள உங்கள் தரவு உங்களுடையது.

வரும்போது அக்சஸ் கோப்பின் பிரதி, மூலக் கோட் இருக்கும் சிடி அல்லது பென் டிரைவ், கடைசி மாதமுடிவு அறிக்கையின் அச்சு, கழிவும் வற்றும் உள்ள பில்கள் ஒரு கட்டு கொண்டு வாருங்கள். மூலக் கோட் இல்லை என்றாலும் வாருங்கள். தரவுத்தளத்தின் கடவுச்சொல் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கல்லாவில் நிற்கும் பிள்ளையையும் ஒரு மணித்தியாலம் விட்டுத் தந்தால், முதலாளிக்கே தெரியாத பாதி விசயத்தை அவரிடமிருந்து எழுதி எடுத்துவிடுவோம்.